செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு மாரிகுப்பத்திலிருந்து ஓர் இலவச ஆலோசனை

செவ்வாய்க் கிரகத்தில் பத்து லட்சம் பேரைக் குடிவைக்கப் போவதாக ஈலான் மஸ்க் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். 2035-க்குள் சொந்தமாக ஒரு விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் ஓர் இந்தியர் என்று நம் அரசும் நாள் குறித்துவிட்டது. நல்ல காரியம். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அனுபவஸ்தர்களிடம் இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்புவது நம் பக்கத்து வழக்கம். ஆனால் இதுவரை எந்த ராக்கெட் கம்பெனிக்காரரும் பங்காருப்பேட்டையில் வண்டி மாறி மாரிகுப்பம் வரை வந்து எங்களை விசாரிக்கவில்லை.

மனிதன் வாழ முடியாத இடத்தில் மனிதனை வைத்து வேலை வாங்குவது எப்படி? அவனுக்குக் காற்றையும் தண்ணீரையும் வெளிச்சத்தையும் எங்கிருந்து, யார் செலவில் அனுப்புவது? கடைசியில் கணக்கை மூடிவிட்டு எந்த வழியாக நழுவுவது? இந்த மூன்று பாடத்திலும் 120 ஆண்டு அனுபவம் உள்ள ஊர், எங்கள் மாரிகுப்பம் இருக்கிற கோலார் தங்கவயல். ஆலோசனைக்குக் கட்டணம் வேண்டாம். இங்கிருந்து கட்டணம் கொடுக்காமல் எடுத்துப் போவது உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் பழக்கம்தான்.

முதலில் சப்ளை விஷயம். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்தபோது இது கல்லும் முள்ளும் வறட்சியுமான மேட்டு நிலம். இயந்திரம் கப்பலில் வந்தது. இன்ஜினியரும் அப்படியே வந்தார். கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள். கூலிக்காரர்கள் மட்டும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் தமிழர்கள். 1894-இல் ரயில் பாதை வந்தது. தண்ணீர் பாலாற்றின் பேத்தமங்கலா ஏரியிலிருந்து வந்தது. 1902 ஜூன் 30 அன்று மின்சாரமே வந்து சேர்ந்தது. காவிரியில் சிவசமுத்திரம் அருவியை மடக்கி, அங்கிருந்து 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து, நேராகச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. அருவிக்குப் போகிற பாதையில் யானைகளும் மாடுகளும் இயந்திரங்களை இழுத்தன. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். மூன்று ஆண்டுகள் பெங்களூர் இருட்டில் இருக்க, எங்கள் பூமிக்கடியில் பல்பு எரிந்தது. இன்றைக்கு பெங்களூர் ஐ.டி. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

எங்கள் மேல் அப்படி என்ன பாசம்? பாசமில்லை, திரும்பிப் போகிற வண்டியின் பாரம். ஏறிவருகிற சரக்கு எவ்வளவு கனமானாலும் பரவாயில்லை, திரும்பிப் போவது கையடக்கமாகவும் விலை கூடியதாகவும் இருந்தால் போதும். தூரத்துக் குடியேற்றத்தின் பொருளாதாரம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். ஒரே ஒரு சரக்கு ரயிலில் ஏற்றினால் அதன் எடைதாங்கும் திறனில் கால்வாசிதான் நிரம்பும். அந்தக் கால் ரயில் சரக்குக்காக அருவியை மடக்கினார்கள், பூமியை 3 கிலோமீட்டருக்கும் கீழே குடைந்தார்கள், ஐரோப்பியர்களுக்கு கிளப்பும் கோல்ஃப் மைதானமும் போட்டார்கள். ஊருக்குக் குட்டி இங்கிலாந்து என்று செல்லப்பெயர்கூட வைத்தார்கள். எந்தப் பாதிக்கு அந்தப் பெயர் என்று லைன் வீடுகளில் இருந்த கூலிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். பூமிக்கு மேலே 400 கிலோமீட்டரில், பெங்களூரிலிருந்து சென்னை போய்வரக்கூடப் போதாத தூரத்தில், சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிறது. தனியார் அங்கே சரக்கு அனுப்ப நாசா 2021-இல் போட்ட விலைப்பட்டியலில் ஒரு கிலோவுக்கு 20,000 டாலர். அதாவது ஒரு கிலோ பொன்னி அரிசி மேலே போய்ச் சேர அன்றைய டாலர் மதிப்பில் ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய் வண்டிச் சத்தம். அரிசி விலை தனி. கீழே கொண்டுவருவதற்கு இன்னும் கூடுதல்: கிலோவுக்கு 40,000 டாலர். அந்த ஆண்டு தங்கத்தின் விலை கிலோ சுமார் 58,000 டாலர். அந்தரத்தில் தங்கம் சும்மா மிதந்தாலும், ஒருவன் அதைச் சட்டைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாலும், மூன்றில் இரண்டு பங்கு வண்டிச் சத்தத்துக்கே போய்விடும். இது 400 கிலோமீட்டர் தூரத்துக் கணக்கு. செவ்வாய் மிக அருகே வரும்போதே ஐந்தரைக் கோடி கிலோமீட்டர்.

விண்கல்லில் தங்கம் வெட்டுவோம், பிளாட்டினம் அள்ளுவோம் என்று பங்கு விற்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற விண்கல்லிலிருந்து 2023-இல் மண் கொண்டுவந்தது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. வந்து சேர்ந்தது 121.6 கிராம். கிராமுக்கு 80 லட்சம் டாலருக்கு மேல். அறிவியலுக்காகச் செய்தார்கள், அவர்களைக் கும்பிடலாம். அதை வியாபாரம் என்று விற்கிறவனைத்தான் கும்பிட முடியவில்லை. எங்கள் சுரங்கத்தில் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையைப் பொடித்தால் மூன்று கிராம் அளவு தங்கம் கிடைத்தது. அதையே கட்டுப்படியாகாது என்றுதான் பூட்டுப் போட்டார்கள்.

ஆக, செவ்வாயிலிருந்து திரும்பும் வண்டியில் ஏற்ற ஒன்றுமே இல்லை. சிவப்பு மண் வேண்டுமென்றால் கோலாரிலேயே லாரி லாரியாகக் கிடைக்கிறது. ஏற்றுமதி இல்லாத ஊருக்கு யார் சப்ளை அனுப்புவான்? எதை நம்பி? இந்தக் கேள்விக்கு மஸ்க் 2020 ஜனவரியில் பதில் சொல்லிவிட்டார். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்களுக்குக் கடன் கிடைக்கும், அங்கே போனால் வேலைக்குப் பஞ்சமிருக்காது என்றார். உலகமே இதைப் புதுமை என்று பேசியது. தமிழனுக்கு மட்டும் இந்தக் குரலை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது.

எங்கே என்று சொல்கிறேன். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணியின் குரல் அது. முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து கிளப்பினார்கள். வழிச்செலவு கடன். போன இடத்தில் அரிசி தோட்டத்துரை கொடுப்பார், அதைக் கூலியில் பிடித்துக்கொள்வார். ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அடுத்த துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை வாங்கிக்கொள்வார். துண்டு முறையை ஒழிக்க 1921 ஆயிற்று. அந்தத் தோட்டத்திலிருந்தாவது ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டு வழியில் இறங்கி ஓடலாம். செவ்வாயில் கதவைத் திறந்தால் மூச்சு நின்றுவிடும். கடன்காரன் ஓடவே முடியாத தோட்டம்! எந்தக் கங்காணியும் கனவில்கூடக் கண்டிராத ஏற்பாடு.

காற்று என்றதும் எங்கள் அனுபவம் இன்னொன்று இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியாழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலேயிருந்து குளிர்காற்றை அனுப்பினால்தான் கீழே ஆள் நிற்க முடியும். கம்பெனி அனுப்பிய காற்றைச் சுவாசித்தவர்கள் நாங்கள். அந்தக் காற்றில் என்ன கலந்திருந்தது என்பது 1947-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. சோதித்துப் பார்த்த 7,653 தொழிலாளர்களில் நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிகோசிஸ். இந்தியாவில் அந்த நோயைப் பற்றி நடந்த முதல் பெரிய ஆய்வு அது. தங்கத்தில் மட்டுமல்ல, பாறைத்தூசியிலும் நாட்டுக்கு வழிகாட்டிய ஊர்! பாறையைக் குடைகிற இடத்தில் நுரையீரலும் ஒரு மூலப்பொருள். அதன் விலையை எந்தக் கம்பெனியின் வரவுசெலவிலும் நான் பார்த்ததில்லை. நிலவின் தூசி இங்குள்ளதைவிடக் கூர்மையானது என்கிறார்கள், அங்கே அதை மழுக்கக் காற்றுமில்லை தண்ணீருமில்லை. ஆள் எடுக்கும்போது மார்பு எக்ஸ்ரேயையும் சேர்த்தே எடுத்து வையுங்கள், பிற்பாடு கோர்ட்டில் மறுக்க வசதியாக இருக்கும்.

செவ்வாயில் காற்று செய்துவிட்டோம் என்கிறீர்கள். பெர்செவரன்ஸ் ஊர்தியிலிருந்த மாக்ஸி என்ற கருவி 2021 முதல் 2023 வரை 16 தடவை ஓடி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் செய்தது. சாதனைதான், சந்தேகமில்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். இரண்டு ஆண்டு உழைப்பில் ஓர் ஆள் மூன்றரை மணி நேரம் மூச்சு விடலாம். அதற்குள் அவர் டிக்கெட் கடனுக்கான முதல் தவணையைக் கட்டியாக வேண்டும். பம்ப்பில் ஒரு வாஷர் போனால் அடுத்த வண்டி 26 மாதம் கழித்து; இரு கிரகமும் வாகாக வரும் நேரம் அப்போதுதான். எங்கள் சுரங்கத்தில் பாறை வெடித்தால் மீட்புக் குழு சில மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், அப்படியும் பிணமாகத்தான் பலரைத் தூக்கினோம்.

எடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்ற விவகாரத்தையும் சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். வான்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று 1967 ஒப்பந்தம் சொல்கிறது. 2015-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: இடம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் தோண்டி எடுத்தது எடுத்தவனுக்கே. எடுத்தவன் என்றால் கடப்பாரை பிடித்தவன் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஊரில் கடப்பாரை பிடித்தவனை வெளியே வரும்போது நிறுத்தி, உடம்பைத் தடவிச் சோதித்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். 1930-இல் கைரேகைப் பதிவு என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது, நாங்கள் குற்றப்பரம்பரையா என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் இவர்கள். செவ்வாயில் அந்தச் சிரமமும் இருக்காது. கைரேகை வைத்தால்தான் காற்றுக் குழாய் திறக்கும் என்று ஏற்பாடு செய்துவிட்டால் வேலைநிறுத்தம் என்ற சொல்லே அகராதியிலிருந்து போய்விடும்.

கம்பெனியின் சப்ளை பட்டியலில் இல்லாத சரக்கு ஒன்றும் இந்த ஊருக்கு வேண்டியிருந்தது. அதை நாங்களே செய்துகொண்டோம். 1907-இலேயே மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. சாம்பியன் ரீஃப்பில் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. பூமிக்கடியில் எட்டு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு வந்து, சொந்தக் காசில் பத்திரிகையும் புத்தகமும் போட்ட ஜனங்கள். மானம் எந்த ராக்கெட்டிலும் வராது என்பதைக் குடியேறப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

விண்வெளியோடு எங்களுக்கு உறவே இல்லை என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 1965-இல் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப்பில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கிற நியூட்ரினோவைப் பிடித்தார்கள். உலகத்தில் முதன்முதலாகப் பிடித்தவர்களில் அவர்களும் அடக்கம். விண்வெளி ஒரு ரூபாய் வண்டிச் சத்தம் வாங்காமல் தானாக எங்கள் குழிக்குள் இறங்கி வந்தது. சுரங்கம் ஒடுங்கியபோது அந்த ஆய்வும் போயிற்று. விஞ்ஞானிகளுக்குப் போக வேறு இடம் இருந்தது.

இனி மூன்றாம் பாடம், கணக்கை மூடுவது. இதைக் கவனமாகக் கேளுங்கள், வெள்ளைக்காரனைவிட நம்மவர்கள் கைதேர்ந்த பாடம் இது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசு வாங்கிக்கொண்டது, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டதாம். அன்றைக்கு உலகச் சந்தையில் அவுன்ஸ் 270 டாலர் பக்கம், இருபது ஆண்டுகளின் அடிமட்ட விலையை ஒட்டி. 2025-இல் அது 4,000 டாலரைத் தாண்டிற்று. பஞ்சாங்கம் பார்த்தாலும் இவ்வளவு கச்சிதமான நாள் கிடைத்திருக்காது. வேலை போனவர்கள் 3,000 பேருக்கு மேல். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினமும்கூட. பள்ளிக்கூடங்களில் சர் சி.வி.ராமனுக்கு மாலை போட்ட நாளில் எங்களுக்கும் ஒரு மாலை போட்டார்கள்.

இருபத்து மூன்று ஆண்டு கழித்து அதே பிப்ரவரி 28-இல், 2024-இல், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2,200 ஏக்கருக்கு மேல் நிலம். தெற்கே நேராக ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைக்க வேண்டாம், எரிபொருள் மிச்சம், சின்ன ராக்கெட்டில் கூடுதல் பாரம் ஏற்றலாம். நியாயமான கணக்கு, நான் எதிர்க்கவில்லை. ராக்கெட்டுக்கு வளைவு வழியால் எவ்வளவு நஷ்டம் என்று கிராம் சுத்தமாகக் கணக்குப் போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, மாரிகுப்பத்திலிருந்து விடியும் முன்னே ரயிலேறி பெங்களூர் போய்க் கூலிவேலையும் காவல்வேலையும் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கானோரின் வழி எவ்வளவு நீளம் என்று மட்டும் கணக்குப் போட வரவில்லை. ககன்யான் திட்டத்தின் ஒதுக்கீடு 2024-இல் 20,193 கோடியாக உயர்ந்தது. மனிதனை மேலே அனுப்பிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் செலவு அதில் அடக்கம். கீழே அனுப்பிய மனிதனைத் திருப்பிக் கொண்டுவரத் தலைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?

விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் பிடித்து 98 சதவீதத் தண்ணீரை மீட்டுவிடுகிறார்கள் என்று 2023-இல் செய்தி வந்தது. தங்கவயல் லைன்களில் உலர் கழிப்பிடத்தை மனிதன் கையால் அள்ளிக்கொண்டிருந்தது 2011-இல் அம்பலமாயிற்று. இரண்டும் ஒரே நூற்றாண்டு, ஒரே மனித குலம்.

சினிமாக்காரர்கள் மட்டும் எங்களை மறக்கவில்லை. எங்கள் சயனைட் கழிவு மேட்டில் ‘கே.ஜி.எஃப்.’ படத்துக்குப் படப்பிடிப்பு நடத்தினார்கள். அதன் இரண்டாம் பாகம் ஆயிரம் கோடிக்கு மேல் வசூலித்தது. தூசி எங்கள் மூக்கில், கோடி அவர்கள் கல்லாவில். தொழில்முறை அப்படியேதான் இருக்கிறது. இப்போது அந்தத் தூசிக்கும் விலை வந்துவிட்டது. 13 கழிவு மேடுகள், ஆயிரம் ஏக்கர், 3 கோடியே 30 லட்சம் டன். மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்க அவற்றை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் சொன்னது. நுரையீரலுக்குள் போன தூசியை மட்டும் ஏலப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதிலும் கொஞ்சம் தங்கம் இருந்திருக்கும்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் வயதாகிவிட்டது. அதை 2030-க்குப் பிறகு பத்திரமாகக் கடலில் இறக்க ஒரு வண்டி செய்துதர, நாசா 2024 ஜூனில் மஸ்க்கின் கம்பெனிக்கே ஒப்பந்தம் கொடுத்தது. 84 கோடியே 30 லட்சம் டாலர் வரை. ஆளையெல்லாம் இறக்கிவிட்ட பிறகு காலி இரும்பை அடக்கம் செய்ய இவ்வளவு பணம்! ஆள் நிறைந்த எங்கள் ஊரை மூடும்போது மூடும் திட்டம் என்ற ஒன்றே சட்டத்தில் கட்டாயமில்லை. சுரங்கத்தை மூடுவதற்கான திட்டத்தையும் வைப்புத்தொகையையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்ற விதி 2003-இல் வந்தது. நாங்கள் போன இரண்டாம் வருடத் திவசத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது.

ஆகவே ஆலோசனை இதுதான். முதல் ராக்கெட் கிளம்புமுன் கடைசி ராக்கெட்டுக்கான பணத்தைக் கட்டுங்கள். போகிற ஒவ்வொரு கூலிக்காரர் பெயரிலும் திரும்பி வரும் கட்டணம், மருத்துவச் செலவு, வந்த பிறகு உட்கார ஒரு வீடு, அதற்குப் பட்டா. கம்பெனி திவாலானாலும், அரசு மாறினாலும், தங்கம் விலை இறங்கினாலும் யாரும் தொட முடியாத கணக்கில் போட்டு வையுங்கள். அப்படிப் போட்டால் திட்டம் கட்டுப்படியாகாது என்பீர்கள். தெரியும். எங்கள் காலத்திலும் கட்டுப்படியாகியிருக்காது, அதனால்தான் போடவில்லை. கட்டுப்படியாகாது என்பவர்கள் முதல் வண்டியில் பங்குதாரர்களையும் இயக்குநர்களையும் அடிக்கல் நாட்டியவர்களையும் ஏற்றி அனுப்பட்டும். இறங்கியதும் முதல் ஷிஃப்டுக்கு அவர்களே சுரங்கக் கேஜில் இறங்கட்டும். இரண்டாம் ஷிஃப்டுக்கு ஆள் வேண்டுமா என்று 26 மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.